நர்மதை பரிக்ரமா நடக்கப் போகிறவருக்கு: இரண்டாம் நாளுக்குத் தயாராகுங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 38, பி.கே.சி.யில் (பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ்) ஐ.டி. வேலை. அலுவலகத்தில் ஐந்து மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைத்துவிட்டது. நவம்பரில் கால்நடையாக நர்மதை பரிக்ரமா (நர்மதை ஆற்றைச் சுற்றி வரும் யாத்திரை) கிளம்ப ஆசை. இப்போது ஜூன். எப்படித் தயாராவது என்பது முதல் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்று: "61 வயது அம்மாவும் வருகிறேன் என்கிறார், அழைத்துப் போகலாமா அக்கா?"

அந்தக் கடைசி வரிக்கு அவசரமாகப் பதில் சொல்ல முடியாது. முடிவில் வருகிறேன்.

நான் மாட்டுங்காவாசி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் மத்தியப் பிரதேசத்து ஓங்காரேஷ்வரில் தொடங்கி, 143 நாள் நடந்து, ஓங்காரேஷ்வரிலேயே முடித்தேன். கிளம்புவதற்கு முன் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தவற்றைத்தான் எழுதுகிறேன். சாஸ்திர சம்பிரதாயம் கேட்க வேண்டுமானால் அங்கேயே நல்ல பெரியவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. நர்மதை அமர்கண்டகில் பிறந்து மேற்கே ஓடி, பரூச் பக்கம் கம்பாத் வளைகுடாவில் கலக்கிறது. நீளம் 1,312 கிலோமீட்டர். ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, எங்குமே அதைக் குறுக்கே கடக்காமல் இரு கரையும் நடந்து சுற்றி வருவதுதான் பரிக்ரமா. இரு கரையும் சேர்த்தால் 2,624 கி.மீ. அணைகளைச் சுற்றிப் போகும் தூரம் அதற்கு மேல். ஒரு நாளைக்கு 20, 22 கி.மீ. நடந்தால் நாலரை, ஐந்து மாதத்தில் முடியும். மழைக்கால நான்கு மாதம் நடக்கக் கூடாது என்பது மரபு. அந்த நான்கு மாதம் முடியும் நாள் தேவ் உட்னி ஏகாதசி; அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வாரத்துக்குள் வரும் அந்த நாளுக்குப் பிறகுதான் கூட்டம் கிளம்பும். உங்கள் விடுப்பு சரியாகப் பொருந்துகிறது.

இனி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். 22 கி.மீ. நடப்பது பெரிய காரியம் இல்லை. செவ்வாய்க்கிழமை அதிகாலையில் சித்திவிநாயகருக்கு எத்தனை பேர் வெறுங்காலோடு நடந்து போகிறார்கள், நம் ஊரில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு எத்தனை பேர் போகிறார்கள்! ஒரு நாள் வேகத்தில் யாரும் நடந்துவிடலாம். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, வீங்கின காலை அதே ஷூவுக்குள் நுழைத்து, அதே மூட்டையைத் தோளில் ஏற்றி, இன்னொரு 22 கி.மீ. நடப்பதுதான் விஷயம். அப்புறம் அதற்கு மறுநாளும். ஆகவே பயிற்சியை இரண்டாம் நாளுக்காகச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முப்பது கி.மீ. நடந்து படம் எடுத்துப் போட்டுவிட்டு, வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் பயன் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓங்காரேஷ்வரிலிருந்து தென்கரையில் மேற்கே கிளம்பினால் ஏழெட்டு நாளில் பட்வானி வந்துவிடும். அதைத் தாண்டினதும் சாத்புரா மலை, சூலபாணிக் காடு. முன்பெல்லாம் ஆற்றை ஒட்டியே போன பாதை சர்தார் சரோவர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. 2019-இல் முதன்முறையாக 138.68 மீட்டர் முழு மட்டத்துக்கு நீர் ஏறியது. கரையோரக் கிராமங்கள் பல போய்விட்டன, பாதையும் மலைமேல் ஏறிவிட்டது. ஆகவே ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே கடை கிடையாது, போன் எடுக்காது. அதாவது மொத்தப் பயணத்தில் மிகக் கடினமான பகுதி, கால் இன்னும் பழகாத பத்தாம் நாளிலேயே வந்து நிற்கிறது. நடக்க நடக்க உடம்பு தானே பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பழகுவதற்கு மூன்று வாரமாவது வேண்டும். மலை அதுவரை காத்திருக்காது. பட்வானியிலிருந்து பஸ் பிடித்து வீடு திரும்பின இரண்டு பேரை நான் பார்த்தேன். இருவருமே என்னைவிட இளையவர்கள், நல்ல திடகாத்திரம். ஒருவருக்குக் குதிகால், இன்னொருவருக்கு முழங்கால்.

சரி, மும்பையில் எப்படிப் பயிற்சி செய்வது? ஜூன், ஜூலையில் மழை. அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். செம்பூரிலிருந்து பி.கே.சி. ஏழெட்டு கி.மீ.தான் இருக்கும்; வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு நடந்தே போங்கள், முதுகில் மூன்று கிலோவோடு. மற்ற நாட்களில் உங்கள் கட்டடத்துப் படிக்கட்டு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். முழங்காலை நோகடிப்பது இறக்கம். லிஃப்டில் மேலே போய்ப் படியில் மெதுவாக இறங்குங்கள், பாரத்தோடு. தொடைத் தசை வலுத்தால்தான் முழங்கால் பிழைக்கும்.

ஆகஸ்டிலிருந்து சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போரிவலி தேசியப் பூங்கா வாசலிலிருந்து கன்ஹேரி குகை வரை போய்வருவது. ஒரு பக்கம் ஆறேழு கி.மீ., கடைசியில் ஏற்றம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து தார் ரோட்டிலேயே நடந்து சி.எஸ்.டி. ரயில் நிலையம் போய், மெரின் டிரைவ் முழுக்க நடந்து, ரயிலில் திரும்புங்கள். தார் ரோடு வேண்டாம், மண்ணில் நடந்து பழகலாம் என்று தோன்றும். பரிக்ரமாவில் கணிசமான தூரம் தார் ரோடுதான் தம்பி. குஜராத் பக்கம் முக்கால்வாசி அப்படி. பாதம் அதற்கும் பழக வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் மழை குறைந்ததும் லோணாவளாவிலிருந்து ராஜ்மாச்சி நடந்து போய், மலைக்கிராமத்தில் யார் வீட்டுத் திண்ணையிலாவது தரையில் படுத்து, மறுநாள் அதே வழியில் திரும்புங்கள். ஒரு பக்கம் 15 கி.மீ. சொச்சம். பரிக்ரமாவுக்குக் கொண்டுபோகும் மூட்டையையே அப்படியே தூக்கிப் போங்கள். எது உபயோகம், எது வெறும் பாரம் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். அக்டோபரில் அதையே மூன்று நாளாகச் செய்யுங்கள். மூன்றாம் நாள் மாலை "இன்னும் ஒரு நாள் முடியும்" என்று உடம்பு சொன்னால் நீங்கள் தயார்.

அடுத்தது பாதம். இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பிப் போகிறவர்களில் பாதிப்பேர் பாதத்தால்தான் போகிறார்கள் என்பது நான் கண்ணால் கண்டது.

ஷூவை மாலையில் வாங்குங்கள், ஒரு மணி நேரம் நடந்த பிறகு, போடப் போகிற சாக்ஸோடு. நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும்; வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாகத்தான் வரும். நான் காலை பதினோரு மணிக்குப் போய்க் கச்சிதமான அளவில், நல்ல விலையில் வாங்கினேன். கடைக்காரர் "மேடம், ஃபிட்டிங் சூப்பர்" என்றார். சாத்புரா இறக்கங்களில் விரல்கள் முன்னால் போய் இடித்து இடித்து, இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்து, மாதக் கடைசியில் கழன்று வந்தன. கணுக்கால் வரை வரும் கனமான பூட்ஸ் தேவையில்லை. லேசான, அடிப்பகுதி தடிமனான, சீக்கிரம் காயும் ஷூ போதும். ஒரு ஜோடி 700, 800 கி.மீ. வந்தால் பெரிது. மூன்று, நான்கு ஜோடி ஆகும் என்று கணக்கு வைத்து, ஒரே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி வீட்டில் வையுங்கள். பரூச், ஜபல்பூர் மாதிரி பெரிய ஊருக்கு யாராவது அனுப்பிவைக்கலாம்.

கொப்புளம் திடீரென்று வராது. அரை மணி நேரம் முன்பே அந்த இடம் சூடாக எரியும். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடக்காதீர்கள். அங்கேயே, வயல் வரப்பானாலும் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, துடைத்து, காய விட்டு, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அதைத் தவறவிட்டால் ஐந்து நாள் நொண்ட வேண்டும். கொப்புளம் வந்தே விட்டால் ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு வைப்பது அங்கே வழக்கம், பழனி பாதயாத்திரையிலும் பார்த்திருப்பீர்கள். நூல் வழியாக அழுக்கு உள்ளே போகும், வேண்டாம். ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். காலையில் விரல் இடுக்கில் வாசலின், இரவில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய். சாக்ஸ் மூன்று ஜோடி. ஒன்று காலில், ஒன்று மூட்டையின் வெளியே ஊக்கில் தொங்கிக் காய்ந்துகொண்டு, ஒன்று இரவுக்கு.

மூட்டையின் எடை தண்ணீர் இல்லாமல் ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டு மெஷினில் நிறுத்தால் மனசு ஏமாற்றும். உங்கள் தெருவில் ரத்தி கடை இருக்கும், பழைய பேப்பர் எடுக்கிறவர். மூட்டையைத் தூக்கிப்போய் அவர் தராசுக் கொக்கியில் மாட்டுங்கள். நான் அப்படிச் செய்யாமல் பதினொரு கிலோவோடு போனேன். பட்வானி தபால் நிலையத்தில் நாலு கிலோவைத் துணியில் தைத்து வீட்டுக்கு அனுப்பினேன். அதில் இருந்தவை: சின்ன குக்கர், டர்க்கி டவல், இரண்டு புத்தகம், மூன்றாவது செட் உடை, எதற்கென்றே தெரியாமல் வாங்கின காற்றுத் தலையணை. ஒன்றுக்குக்கூட பிறகு நான் ஏங்கவில்லை.

குளிரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மும்பையில் போர்வையே தேவைப்படாத நமக்கு இது புரியாது. நவம்பர் நடுவில் கிளம்பினால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முழுக்க வடகரையில் இருப்பீர்கள். திண்டோரி, அமர்கண்டக் பக்கம் போகும்போது பிப்ரவரி. ஆற்றங்கரைத் தர்மசாலையில், கதவில்லாத மண்டபத்தில், சிமெண்டுத் தரையில் படுத்தால் குளிர் கீழிருந்துதான் ஏறும். நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்று, அடியில் போட மடக்கு ஃபோம் விரிப்பு ஒன்று. விரிப்பை விட்டுவிட்டுக் கம்பளியை அதிகமாக்குகிறவர்கள் தூங்காமல் தவிப்பார்கள். அப்புறம் மார்ச் கடைசியில் நிலைமை தலைகீழாகும். நர்மதாபுரம், ஹர்தா வட்டாரத்தில் பத்து மணிக்கே வெயில் கொளுத்தும். அப்போது விடியும் முன்னே கிளம்பிப் பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். அதற்குள் கம்பளியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சாப்பாடு. பரிக்ரமாவாசிக்கு வழியெங்கும் ஆசிரமங்களும் வீடுகளும் சாப்பாடு போடும். சில இடங்களில் சமைத்துத் தருவார்கள். சில இடங்களில் சதாவ்ரத் என்று மாவு, பருப்பு, உப்பு, எண்ணெய் அளந்து தருவார்கள், நீங்களே அடுப்பு மூட்டிக்கொள்ள வேண்டும். கோதுமை ரொட்டி, நிமாட் (ஓங்காரேஷ்வர், பட்வானி வட்டாரம்) பக்கம் சோள ரொட்டி, பருப்பு, கிச்சடி. சாதத்துக்குப் பழகின வயிறு முதல் இரண்டு வாரம் திணறும். இப்போதிருந்தே வாரத்தில் மூன்று நாள் இரவு வெறும் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுப் பாருங்கள். மாவு பிசைந்து கையாலேயே தட்டவும் அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து நான் கொண்டுபோனதில் கடைசி வரை கைகொடுத்தவை இரண்டு: பருப்புப்பொடி, உப்பில் காய்ந்த நார்த்தங்காய். வயிறு மந்தமான நாளில் ஒரு துண்டு நார்த்தங்காயும் மோரும் போதும். கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்தாவது இருக்கட்டும். வயிற்றுப்போக்கு ஒரு தடவையாவது வரும். தண்ணீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் மாத்திரை போட்டோ குடியுங்கள். எல்லோரும் கை அள்ளி ஆற்று நீரைக் குடிப்பார்கள். நீங்கள் தீர்த்தமாக ஒரு துளி எடுத்துக்கொண்டால் போதும். கிளம்பும் முன் டி.டி. (டெட்டனஸ்) ஊசி, டைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்டு, பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். காட்டில் பல்வலி வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சாப்பாடு வாங்கிக்கொள்வதற்கும் மனசு தயாராக வேண்டும். நமக்கெல்லாம் காசு கொடுத்துச் சாப்பிட்டே பழக்கம். முதல் நாள் ஒரு கூரை வீட்டு வாசலில் "நர்மதே ஹர்" என்று நான் குரல் கொடுக்கவே அரை மணி ஆயிற்று. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "எத்தனை மூர்த்தி?" என்று கேட்டாள். நடக்கிறவர்களை அங்கே ஆள் கணக்கில் எண்ண மாட்டார்கள், மூர்த்தி கணக்குத்தான். நாங்கள் மூன்று மூர்த்தி. அவள் வீட்டு மாவு டப்பாவை நான் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதை அப்படியே தாம்பாளத்தில் கவிழ்த்துப் பிசைய உட்கார்ந்தாள். பணம் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மூட்டையில் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பென்சிலும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, நம் மும்பை இந்தி. ரயிலிலும் மார்க்கெட்டிலும் "தேரே கோ, மேரே கோ" என்று பேசிப் பழகிய நாக்கு அங்கே முரட்டுத்தனமாகக் கேட்கும். சின்னப் பையனைக்கூட "ஆப்" (நீங்கள்) என்று கூப்பிட இப்போதிருந்தே பழகுங்கள். உங்களை அவர்கள் "பாபாஜி" என்பார்கள், பெண்களை "மாதாராம்" என்பார்கள். வயது 38 ஆனாலும் பாபாஜிதான்.

வழி கண்டுபிடிப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை. போன் மேப்பில் அடுத்த ஊரைப் போட்டால் அது கிட்டத்து வழியாகப் பாலத்தைக் காட்டும். பாலத்தில் ஏறி அக்கரை போய்விட்டால் பரிக்ரமா கண்டிதமாகிவிடும், முறிந்ததாகக் கணக்கு. மேப் வைத்திருங்கள், ஆனால் கேட்பது மனிதர்களிடம். அணைகளால் பாதை வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. பழைய குறிப்புகளில் உள்ள தூரங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓங்காரேஷ்வர் தீவுக் கோயிலும் ஆற்றின் நடுவே இருப்பதால் தொடங்கும்போது அங்கே போகக் கூடாது. தென்கரையிலுள்ள மம்லேஷ்வரை வணங்கிக் கிளம்பி, சுற்று முடிந்த பிறகுதான் தீவுக்குப் போக வேண்டும்.

கடக்காமல் எப்படி மறு கரைக்கு வருவது? கடல் முகத்தில் விமலேஷ்வரிலிருந்து படகில் ஏறி, ஆறு கடலில் கலக்கும் இடத்தைச் சுற்றி, வடகரையில் மீட்டி தலாய் போய் இறங்குவார்கள். மூன்று நான்கு மணி நேரம். இந்தியாவிலேயே மிகப் பெரிய ஓதம் ஏறி இறங்கும் கடல்களில் கம்பாத் வளைகுடா ஒன்று. நீர் ஏறும் நேரத்தில்தான் படகு எடுக்க முடியும். அது நள்ளிரவாகவும் இருக்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க நேரலாம். உங்கள் கணக்கில் மூன்று நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். படகில் கழிப்பறை கிடையாது, காற்று பலமாக இருக்கும்.

வீட்டு விஷயங்கள் உங்களுக்கே தெரியும்: இ.எம்.ஐ., வாடகை தானாகப் போக ஏற்பாடு, மருத்துவக் காப்பீடு, ஆதார் நகல், பத்து புகைப்படம். தொடங்கும் ஊரில் பரிக்ரமாவாசி என்று சான்றுத்தாள் எழுதி வாங்குவார்கள். வழியில் ஆசிரமங்களில் முத்திரை குத்துவார்கள், அதற்கு ஒரு சின்ன நோட்டு. மலைப் பகுதியில் பல நாள் போன் கிடைக்காது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போக்குவரத்துக்கு மும்பையிலிருந்து கண்ட்வா வரை ரயில், அங்கிருந்து பஸ்.

இனி அம்மா. 61 வயது ஒரு தடையே இல்லை. எழுபது தாண்டின மராட்டிக்காரப் பாட்டிகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனார்கள். ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுக்க நடந்தவர்கள். உங்கள் அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? வெட்டவெளியில், இருட்டில் ஒதுங்கப் போவது முடியுமா? விடிகாலைக் குளிரில் ஆற்றில் குளிக்க முடியுமா? சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறாரா? அப்படியானால் மலையில் அதைக் குளிர்ச்சியாக வைப்பது கஷ்டம். ரத்த அழுத்த மாத்திரை மட்டும் என்றால் டாக்டரைக் கேட்டு ஒரு மாதத்துக்கானதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

"வேண்டாம்" என்று நீங்கள் சொல்லாதீர்கள். "வா" என்றும் இப்போதே சொல்லாதீர்கள். அவரையும் பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள். கன்ஹேரி வாருங்கள் அம்மா, மறுநாள் மெரின் டிரைவ் வாருங்கள் அம்மா. கணபதி பண்டிகை வரைக்கும் இப்படி நடந்தால் அவருக்கே தெரிந்துவிடும், முடிவை அவரே சொல்வார். சேர்ந்து போவதானால் நடையின் வேகம் அவருடையதுதான், நாளுக்கு 15 கி.மீ. அப்படியானால் ஆறு மாதம் ஆகும், உங்கள் விடுப்பு போதாது. இதை இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள், நடுக்காட்டில் பேசும் பேச்சு இல்லை இது. கால் ஒத்துழைக்காவிட்டால் பஸ்ஸில் பதினைந்து இருபது நாளில் சுற்றி வருகிற பரிக்ரமா இருக்கிறது, நிறையப் பேர் போகிறார்கள். குஜராத்தில் திலக்வாடா பக்கம் ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் இடத்தில், சைத்ர மாதத்தில் (மார்ச்-ஏப்ரல்) ஒரே நாளில் முடிக்கிற உத்தரவாஹினி பரிக்ரமாவும் உண்டு. அதுவும் நடைதான். அம்மா முதலில் அதைச் செய்துவிட்டு, அடுத்த வருஷம் பெரியதை யோசிக்கலாம்.

செப்டம்பரில் ராஜ்மாச்சி போய் வந்ததும், மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே மாட்டுங்காவுக்குக் கொண்டுவாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்போம்.